எந்தச் சட்டைக்கு எலி ஏமாறும்?

திருவையாற்று வட்டாரத்தில் வேட்டைக்குப் புறப்படுவோருக்கான உடைத் தேர்வுக் கையேடு

இலைச்சட்டை மோகம் டெல்டாவுக்கும் வந்துவிட்டது. தஞ்சாவூர் ஜவுளிக் கடைகளில் பச்சையும் பழுப்பும் அப்பிய ஆறு பாக்கெட் பேன்ட்டுகள் தொங்குகின்றன. போட்டுக்கொண்டால் காட்டுக்குள் ஆளே தெரியாது என்கிறார் கடைக்காரர். காடு எங்கே இருக்கிறது என்று அவரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. திருவையாற்றிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் வயல், வாழைக்கொல்லை, கொடிக்கால், அதைத் தாண்டினால் அடுத்த ஆறு. இந்த நிலப்பரப்பில் ஒளிந்து நின்று வேட்டையாட நினைப்பவருக்கு முறையான வழிகாட்டி இதுவரை இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இது. படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றவும்.

படி 1: இரையை முடிவு செய்யுங்கள்

துணி எடுக்கும் முன் எதைச் சுடப் போகிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே அதன் கணக்கில் வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணக் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இனி இரைப் பட்டியலுக்கு வருவோம். மயில் கூடாது. உடும்பு கூடாது. முயல் கூடாது. கொக்கு, மடையான், நாரை, நீர்க்கோழி கூடவே கூடாது. வலையோடு வரப்பில் நின்றாலே வனத்துறைக்குப் போன் போய்விடும். கொள்ளிடத்துக்கு வடக்கே கரைவெட்டி ஏரியில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்குகின்றன. அந்த ஏரி 2024இல் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்தப் பக்கம் பைனாகுலரோடு போகலாம். அதற்கு இந்தக் கையேடு தேவையில்லை. காட்டுப்பன்றியையாவது சுடலாமே என்பீர்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் சொன்னது உண்மை. ஆனால் சுட வேண்டியவர் வனத்துறை ஊழியர். உங்கள் பங்கு மனு எழுதிக் கொடுப்பது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது எலி. அதை அடித்தால் கேட்பாரில்லை, கும்பிடத்தான் செய்வார்கள். ஆகவே இந்தக் கையேட்டில் இனி வேட்டை என்றால் எலி வேட்டை. மனம் தளர வேண்டாம். வயலைப் பொறுத்தவரை புலியைவிடப் பெரிய விலங்கு அது.

படி 2: வயலின் நிறத்துக்கு ஏற்ற துணி

உலகச் சந்தையில் புகழ்பெற்ற வேட்டை வடிவங்கள் இரண்டு: மாஸி ஓக், ரியல்ட்ரீ. இரண்டும் 1986இல் அமெரிக்காவில் பிறந்தவை. ஓக் மரப்பட்டை, காய்ந்த இலை, கிளை நிழல் என்று அந்த ஊர்க் காட்டை அப்படியே துணியில் இறக்கியிருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு நம் வாழைக்கொல்லையில் நின்றால் நாலு கட்டை தூரத்திலிருந்தே தெரியும். இந்த வட்டாரத்தில் ஓக் மரம் கிடையாது. ஒன்றுமட்டும் புதிதாக முளைத்து, அதுவும் இருமினால், ஊரே கூடிவிடும்.

நம் வயலுக்கு நம் நாட்காட்டி. கீழ்க்கண்டவாறு தைத்துக்கொள்ளவும்.

ஆனி: மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலில் இறங்கி, சேற்றுழவு தொடங்கும். அப்போது வயல் கரும்பழுப்பு. மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் இது வெளிர்சாம்பல், வெடிப்புக் கோடுகளுடன். இரண்டு செட் தைப்பது பாதுகாப்பு. எது தேவைப்படும் என்பது கர்நாடகத்து மழையைப் பொறுத்தது.

ஆடி: நடவு முடிந்து கிளிப்பச்சை.

புரட்டாசி: இங்கேதான் சிக்கல். குறுவை முற்றிப் பொன்னிறமாகத் தலை சாய்ந்திருக்கும். அடுத்த வயலில் சம்பா நாற்று பச்சைப்பசேலென்று நிற்கும். நடுவில் ஒரே வரப்பு. வரப்பில் நிற்பவருக்கு வலது கை மஞ்சளாகவும் இடது கை பச்சையாகவும் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட மறக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை. வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் எங்கும் தண்ணீர். தண்ணீர் முழுக்க வானம். மேக வடிவம் போட்ட துணி கிடைத்தால் வாங்கலாம்.

தை: சம்பா அறுப்பு. பொன்னிறம்.

மாசி: அறுத்த தாள் வைக்கோல் நிறத்தில் நிற்கும். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே தெளித்த உளுந்து அதன் அடியில் பச்சைப் பொட்டுகளாக எழும்பியிருக்கும். ஆண்டின் மிக அழகான வடிவம் இதுதான். எந்தக் கம்பெனியும் இன்னும் அச்சடிக்கவில்லை.

மொத்தம் ஆறு உடை, வறட்சிக்கு ஒன்று கூடுதல். வேட்டையாடக் கிடைக்கும் எலியின் விலையை இத்தோடு ஒப்பிட வேண்டாம். பொழுதுபோக்கில் கணக்குப் பார்க்கக் கூடாது.

படி 3: யாருடைய கண்ணை ஏமாற்றப் போகிறீர்கள்?

உடை வாங்குகிறவர்கள் கண்ணாடி முன் நின்று பார்த்து வாங்குகிறார்கள். கண்ணாடியில் தெரிவது உங்கள் கண்ணுக்குத் தெரிவது. உங்களை நீங்களே வேட்டையாடப் போவதில்லையே.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பளீரென்ற ஆரஞ்சு நிற உடை போடுகிறார்கள். பல மாநிலங்களில் அது சட்டம். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத்தான் தெரியும், நீலம்தான் பளிச்சென்று தெரியும். ஆரஞ்சு போட்டவரை மான் பொருட்படுத்தாது. மற்ற வேட்டைக்காரர்கள் மான் என்று நினைத்துச் சுடாமலும் இருப்பார்கள். அதே காட்டுக்குள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால் மான் பார்த்துவிடும்.

பறவையின் கண் இன்னும் வில்லங்கமானது. நமக்கு நிறம் காட்டும் கூம்புகள் மூன்று வகை, பறவைக்கு நான்கு. புற ஊதாப் பக்கமும் அதற்குக் கொஞ்சம் தெரியும். சலவைத்தூளில் 'பளிச்' என்று காட்டுவதற்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் புற ஊதா ஒளியை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பி அடிக்கிறது. எவ்வளவு காசு கொடுத்து இலைச்சட்டை வாங்கினாலும், வீட்டில் அதை நல்ல சோப்பில் துவைத்துப் போட்டால் கதை முடிந்தது.

நம் இரை எலி. அதற்குப் பார்வை மட்டம், நிறம் பார்ப்பதும் அரைகுறை, நடமாட்டமோ இருட்டில். அது உலகத்தை மூக்காலும் மீசையாலும் அறிகிறது. ஓக் இலையா உளுந்துப் பச்சையா என்று அது ஆராய்வதில்லை. இன்று காலை நீங்கள் தடவிய தேங்காய் எண்ணெய் எந்தக் கடையில் வாங்கியது என்பதுவரை ஆராயும். மேலே சொன்ன ஏழு உடைகளையும் தைக்கக் கொடுத்துவிட்டவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: தொழில் தெரிந்தவரைப் பாருங்கள்

தஞ்சாவூர் கிட்டி என்று ஒன்று உண்டு. வேளாண் துறையின் எலி ஒழிப்புப் பரிந்துரைகளில்கூட அந்தப் பெயரிலேயே இடம்பிடித்த பொறி. மூங்கிலை வளைத்துக் கட்டிய வில், அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு, உள்ளே இரை. இரையைத் தொட்டதும் வில் விடுபடும், கயிறு இறுகும். பேட்டரி கிடையாது, விஷம் கிடையாது. கிட்டிக்காரர் சாயங்காலம் ஒரு கட்டு கிட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்குவார். எலி வெட்டிப் போட்ட பயிர்த் தூரைப் பார்ப்பார். வளை வாயில் ஈரம் காயாத புது மண் தள்ளியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மண் காய்ந்து சிலந்தி நூல் கட்டியிருந்தால் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. எலி போகும் தடத்தைப் பிடித்து அதன் ஓரமாகக் கிட்டியை ஊன்றுவார். விடியற்காலையில் வந்து எடுப்பார். எலிக்கு இவ்வளவு என்று கூலி.

அவர் உடுத்தியிருப்பது சாயம் போன கைலி, ஓட்டை விழுந்த பனியன், தலையில் துண்டு. வேட்டை நடக்கும் நேரத்தில் அவர் வயலிலேயே இருக்க மாட்டார்; வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இதைவிடப் பெரிய மறைப்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சும்மா மறைந்து நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு ஆசிரியர் உண்டு: மடையான். வாய்க்கால் கரையில் கழுத்தை உள்ளிழுத்து உட்கார்ந்துவிட்டால் பழுப்புக் கோடு விழுந்த முதுகு மண்ணோடு மண். கிட்டத்தில் போகும்வரை தெரியாது. போனதும் உள்ளே மடித்து வைத்திருந்த வெள்ளைச் சிறகு இரண்டையும் விரித்துக்கொண்டு எழும்பும். காலம் பார்த்துக் காரியம் செய்வதற்கு வள்ளுவர் கொக்கைத்தான் காட்டினார். எந்தச் சிறகு போட்டிருக்கிறது என்று அவர் பேசவேயில்லை. அசையாமல் இருப்பதுதான் அதன் சட்டை. மூன்று மணி நேரம் செல்போனைத் தொடாமல் வரப்பில் உட்கார முடிந்தவர்கள் கை தூக்கலாம். தூக்கியவுடன் பறவை போய்விடும்.

கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கும் பழைய முறையும் உண்டு. வெண்ணெய் உருகிக் கண்ணை மறைத்ததும் பிடித்துவிட வேண்டும். இந்த முறையில் வேட்டைக்காரர் எந்த நிறச் சட்டையும் போடலாம். படி 1இல் சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும்.

படி 5: தவிர்க்க வேண்டிய நிறங்கள்

காக்கி: 1840களில் பெஷாவர் பக்கத்தில் ஆங்கிலேய அதிகாரி ஹாரி லம்ஸ்டனின் கைட்ஸ் படைக்கு மண்ணோடு மண்ணாகத் தெரிவதற்காகக் கொடுத்த நிறம் இது. புழுதி பறக்கும் அந்த மலைநாட்டில் சரி. காவிரிக் கரையில் காக்கியைப் பார்த்து எலி ஓடாது. கொள்ளிடத்தில் ராத்திரி மணல் ஏற்றுகிறவர் ஓடுவார், சாராய ஊறல் போட்டவர் ஓடுவார், ஹெல்மெட் போடாதவர் வண்டியைத் திருப்புவார். நீங்கள் தேடி வந்த இரை மட்டும் நிதானமாகக் கதிரை அறுத்துக்கொண்டிருக்கும்.

ராணுவப் புள்ளி வடிவம்: 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று இந்தியத் தரைப்படை தன் புதிய போர் உடையை வெளியிட்டது. கட்டம் கட்டமாகச் சிதறும் அந்த வடிவத்தைத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கினார்கள். அதைப் போன்றே இருப்பதை வாங்கி மாட்டிக்கொண்டு, நான் பட்டாளத்துக்காரன் என்று பிறர் நம்பும்படி நடந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு இருக்கிறது: 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் சொல்லாவிட்டாலும் டீக்கடையில் எவராவது 'எந்த ரெஜிமெண்ட் தம்பி?' என்று கேட்பார். அவர் உண்மையான பட்டாளத்துக்காரராக இருப்பார். பதிலை முன்பே யோசித்து வையுங்கள்.

எந்த நிறமானாலும் ஆட்காட்டிக் குருவியை ஏமாற்ற முடியாது. தன் முட்டையைக் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகப் போட்டுவைத்துவிட்டு, உங்களை மட்டும் ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுக்கும். தலைக்கு மேல் அது சுற்றிச் சுற்றிக் கத்த ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்குக் கிளம்பலாம்.

படி 6: திரளில் கரையும் பயிற்சி

மறைந்து நிற்பதை ஆபத்தில்லாமல் பழகத் திருவையாற்றைப் போல வசதி வேறு ஊரில் இல்லை. புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் ஜனவரியில், தியாகராஜர் சமாதிப் பந்தலுக்கு வாருங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகங்களில் பஞ்சரத்னத்தை நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலில் பாடுவார்கள். உங்களுக்கு ஒரு வரியும் தெரியாது. மேடையில் தொலைக்காட்சிக் காமிரா திரிந்துகொண்டிருக்கும். இதுதான் தேர்வு.

மயில்கண் வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம். ஐந்தும் ஆதி தாளமாகையால் கைக்குக் கவலையில்லை. பக்கத்துத் தொடையைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஸ்வரம் வரும்போதுதான் புதியவர்கள் அகப்படுவார்கள். எல்லோர் வாயும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும்போது உங்கள் வாய் மட்டும் 'ஆ' என்று நிற்கும். அந்த நேரத்தில் கண்ணை மூடித் தலையை லேசாக ஆட்டவும். கண்ணை மூடிவிட்டால் தப்பான உதடு பக்தியாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் கண்ணை மூடியிருந்தால் அவரும் நம்மவர்தான் என்று அறிக.

அந்தச் சமாதிக் கோயிலை 1920களில் தன் சொத்தை வைத்துக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அப்போது ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. கட்டியவரே பெண்களுக்கென்று தனி ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. கண்ணில் படுவதற்காக ஒருவர் போராடிய இடத்தில் நாம் கண்ணில் படாமலிருக்கப் பயிற்சி எடுக்கிறோம். பயிற்சி முடிந்ததும் அசோகா அல்வா வாங்கிக்கொண்டு போகலாம்.

படி 7: சரியான உடை

இப்போது பரிந்துரை. சேற்றுழவு நடக்கும் வயலைப் போய்ப் பாருங்கள். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் முன்னே போகும். பின்னால் புரளும் சேற்றில் உண்ணிக்கொக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் நடந்து வரும். டிரைவர் பாட்டுப் போட்டிருப்பார், மண்வெட்டிக்காரர் வரப்பை வெட்டிக்கொண்டிருப்பார். ஒரு பறவையும் பறக்காது. இலைச்சட்டைக்காரர் ஒருவர் சாலையில் இறங்கி வரப்பில் கால் வைக்கட்டும், மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். நிறமோ வடிவமோ அதற்குக் கணக்கில்லை. வேலை செய்கிறவன் யார், வேறு எதற்கோ வந்தவன் யார் என்று நடையிலேயே பறவைக்குத் தெரியும்.

ஆகவே ஒரு வெள்ளை நாலு முழ வேட்டி வாங்குங்கள். மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நடவு, ஒரு களை, ஒரு அறுப்பு பாருங்கள். வண்டல் கறை, வாழைச்சாறு, டீசல், வியர்வை உப்பு என்று வடிவம் தானாக விழும். எந்தச் சோப்புக்கும் போகாது. பறவை கண்டுகொள்ளாது.

கண்டுகொள்ளாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வேட்டியோடு சிட்டா அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நின்று பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்பார்கள். சாக்கு வரவில்லை என்பார்கள். லாரி வரவில்லை என்பார்கள். அத்தனையும் உங்கள் தோளுக்கு மேலாக வேறு யாரையோ பார்த்துச் சொல்வார்கள். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடி, குவியலோடு குவியலாக நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். வெள்ளச் சேதம் பார்க்க வரும் குழுவின் காரும் உங்களைத் தாண்டிப் போய் அடுத்த ஊரில் நிற்கும். வயல் எலியிலிருந்து வட்டாட்சியர் ஜீப் வரைக்கும் எவர் கண்ணிலும் படாத உடை, உலகத்தில் இது ஒன்றுதான்.

படி 8: கண்ணில் பட வேண்டியபோது

மறைவிலிருந்து வெளியே வர வேண்டிய நேரமும் வரும். அதற்கு ஆசிரியர் கூகை. இரவில் எலி பிடிக்கக் கூகையை மிஞ்ச ஆளில்லை. அது உட்காரட்டும் என்றுதான் வயலில் ஆங்காங்கே கழி நட்டுவைக்கிறார்கள். அதன் அடிப்பக்கம் சிலவற்றில் செம்பழுப்பு, சிலவற்றில் வெள்ளை. இருட்டில் வேட்டையாடுகிறவன் வெள்ளை உடுத்தலாமா என்று கேட்டுச் சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்தார்கள். 2019இல் வெளியான முடிவு இது: முழுநிலவில் செம்பழுப்புக் கூகைகளுக்கு இரை குறைந்தது, வெள்ளைக் கூகைகளுக்குக் குறையவில்லை. நிலா வெளிச்சம் பட்ட வெள்ளையைக் கண்டதும் வயல் சுண்டெலிகள் ஓடாமல் உறைந்து நின்றுவிடுகின்றன. பளிச்சென்று தெரிவதே அதன் ஆயுதம்.

தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, எட்டு முழ வேட்டி, இரண்டு விரல் அகலத்தில் கரை. அந்த உடை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பேனா நிற்கும், போன் பேச்சு நிற்கும், நாற்காலி ஒன்று தானாக நகரும். 17 சதவீத ஈரம் அந்த நிமிடமே காய்ந்துவிடும்.

வடிவத் தேர்வில் கவனம் தேவைப்படுவது இங்கே மட்டும்தான். கரை இரண்டு நிறமா மூன்று நிறமா, எந்த நிறம் மேலே, எது நடுவில் என்பது பயிர்ப் பருவத்தைப் பொறுத்தது அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் பருவத்தைப் பொறுத்தது. தப்பான பருவத்தில் தப்பான கரை கட்டிப் போனால், நெல்லோடு சேர்ந்து நீங்களும் முளைக்க வேண்டியதுதான். நல்ல கெட்டித் துணியாகப் பார்த்து வாங்குங்கள். கரையைப் பிரித்து வேறு கரை வைத்துத் தைக்கத் தெரிந்த தையல்காரர் பக்கத்தில் யார் என்று இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடிவு வந்த மறுநாள் அவர் கடையில் கூட்டம் தாங்காது.